தரையில் விழுந்த குருணை

அறிவுமதி அடித்ததில் என் இடது முன்கை எலும்பு விட்டுப்போனது. இரண்டடி நீளப் பித்தளைக் கம்பி, ஓங்கி ஒரே போடு. மழைக்காலம் வந்தால் இன்னும் குடைகிறது. அந்த அடி விழாமல் இருந்திருந்தால் என் முகம் வெந்து போயிருக்கும். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

நான் தனகோட்டி, அனந்தபுரத்துக்காரன். செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பத்து வருடம் ஆபரேட்டராக இருந்தேன். பிளாஸ்டிக் குருணையை மேலே புனல் மாதிரி இருக்கிற ஹாப்பரில் கொட்டினால், அது பேரல் என்கிற சூடான உருளைக்குள் இறங்கி உருகி, முன்னால் இருக்கிற மூக்கு வழியாக அச்சுக்குள் பாயும். மூன்றாம் மெஷின் என்னுடையது. தண்ணீர் தெளிப்பான்களுக்கான பல்சக்கரம் அதில் வரும், அதற்கு அசிட்டால் என்ற குருணை. நான்காம் மெஷின் அறிவுமதியுடையது, பைப்பை வளைத்து இணைக்கிற எல்போ அதில் வரும். அதற்குப் பிவிசி. இரண்டுமே வெள்ளைதான்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது, செஞ்சி காலனியில் வீடு. ப்ளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கு வந்தவள். அவள் நின்று உழைத்ததில் தம்பி இனியன் இன்ஜினியர் ஆனான், தங்கை மஞ்சு டீச்சர் ஆனாள். அவர்கள் இரண்டு பேரும் கரையேறிய பிறகு இவளுக்குப் படிப்பு ஆசை வந்தது. பாலிமர் இன்ஜினியரிங் டிப்ளமோ, வேலை பார்ப்பவர்களுக்கென்றே ஆன்லைனில் மூன்று வருடம். சாப்பாட்டு வேளையில் மூட்டை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஒரு கை சோற்றில், ஒரு கை போனில். நாங்கள் 'புரபசரம்மா' என்று கிண்டல் செய்தால், அவள் திருப்பித் தருகிற வசவை இங்கே எழுத முடியாது. விழுப்புரம் பஸ்ஸில் இடித்தவன் மூக்கை டிபன் கேரியரால் உடைத்துவிட்டு, அந்தக் கேரியரிலேயே மத்தியானம் சாப்பிட்டவள். அவளிடம் யாரும் நெருங்க மாட்டோம்.

எனக்கு அவளைப் பிடிக்காது. பத்து வருடம் மெஷின் ஓட்டிய எனக்கு ஒரு பொம்பளை பாடம் சொல்வதா என்று வயிறு எரிந்தது. அவள் தெருவும் என் தெருவும் வேறு என்பதும் அந்த எரிச்சலில் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

கடைசி செமஸ்டரில் ஒருநாள் வகுப்பு முடிந்து கீழே இறங்கியவள், அட்டைப்பெட்டியைக் கிழித்துச் சிவப்பு மையில் எழுதி என் மெஷினுக்கும் அவள் மெஷினுக்கும் நடுவில் கட்டினாள். 'பிவிசியும் அசிட்டாலும் சூட்டில் சேர்ந்தால் வெடிக்கும். தரையில் விழுந்ததை ஹாப்பரில் போடாதே.'

சூப்பர்வைசர் ஆதிமூலம் வந்து படித்தான். அட்டையைப் பிய்த்து எறிந்தான்.

"வேலைக்கு வந்தியா, பாடம் நடத்த வந்தியா? செதறன மெட்டீரியல யாரு, உங்க நைனாவா வாங்கித் தருவாரு?"

"சார், ரெண்டும் கலந்தா கேஸ் வரும். பேரல் தாங்காது. கிளாஸ்ல வீடியோவே காட்னாங்க, பாருங்க."

அவள் போனை நீட்டினாள். அவன் அதைத் தட்டிவிட்டு, அதே கையால் அவள் பின்மண்டையில் ஒரு தட்டு தட்டினான். போன் சிமெண்ட் தரையில் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. மூன்று வருடமாக அவள் படித்ததெல்லாம் அந்தப் போனில்தான். அறிவுமதி குனிந்து அதை எடுத்துப் பார்த்தாள். பிறகு அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஹாப்பர் ஏணியில் முகத்தோடு மோதினாள். ஒருமுறை, இரண்டுமுறை. கீழுதடு கிழிந்து பல்லில் தொங்கியது. மூன்றாவது மோதலுக்குள் நாங்கள் நாலு பேர் சேர்ந்து அவளை இழுத்தோம், என் தோளையும் கடித்துவிட்டாள்.

அன்றே அவளை வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். ஆர்டர் அவசரம், எல்போ ஓட்ட வேறு ஆள் இல்லை. அதனால் விட்டுவைத்தார்கள். கிழிந்த உதட்டோடு ஆதிமூலம் எங்களிடம் சொன்னான், "அவ சொல்றத எவனாவது கேட்டான்னா, அவனும் வெளிய போய்டுவான்." எனக்கு அது வசதியாக இருந்தது.

அடுத்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். இரண்டு மெஷினுக்கும் நடுவே குருணை சிதறிக் கிடந்தது. எங்கள் வீட்டில் களத்தில் ஒரு நெல் கிடந்தாலும் கூட்டி அள்ளித் தூற்றித்தான் மூட்டையில் போடுவோம். கீழே கிடப்பதை மிதித்துக்கொண்டு போக என் காலுக்கு வராது. விளக்குமாறை எடுத்துக் கூட்டினேன், முறத்தில் அள்ளித் தூசு ஊதினேன், என் ஹாப்பரில் கொட்டினேன். அவள் அட்டையில் எழுதியிருந்தது ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. வந்ததால்தான் இன்னொரு முறம் சேர்த்து அள்ளினேன்.

சிறிது நேரத்தில் மெஷினின் மூக்கு அடைத்துக்கொண்டது. பித்தளைக் கம்பியை எடுத்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்க் குத்தினேன். கண்ணில் மிளகாய் பட்ட மாதிரி எரிந்தது.

"யோவ் தனகோட்டி! தள்ளுய்யா! முன்னாடி நிக்காத!"

அவள் குரல்தான். அது அவள் குரல் என்பதாலேயே நான் நகரவில்லை.

ஓடி வந்து என் கம்பியைப் பிடுங்கினாள். நான் நகராமல் மெஷினை இடது கையால் பிடித்துக்கொண்டு, "போடி" என்றேன். கம்பி இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. வயிற்றில் ஓர் உதை விட்டாள், நான் மூட்டைகளின் மேல் போய் விழுந்தேன். அவள் ஹீட்டரை அணைக்க வலது கையை நீட்டினாள். அப்போது வெடித்தது.

ஷெட் முழுக்க வெள்ளைப் புகை. உருகிய பிளாஸ்டிக் அவள் வலது கையை முழங்கை வரை மூடியிருந்தது. அது தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு உள்ளே உள்ளே வேகவைக்கும். அவள் மறு கையால் அதைப் பிய்த்தாள், தோலும் கூடவே வந்தது. கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு பிய்த்தாள்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். மீதி மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கிவிட்டன. நான் மாவுக்கட்டோடு அடுத்த வார்டில் கிடந்தபோது ஆதிமூலம் ஒரு தாளோடு வந்தான். 'அறிவுமதி சொல்லாமல் கொள்ளாமல் ஹீட்டர் சூட்டைக் கூட்டியதால் விபத்து ஏற்பட்டது.' கீழே சாட்சிக் கையெழுத்துக்கு இடம்.

"உன் கை சேர்ற வரைக்கும் சம்பளம் உண்டு. போடு."

வலது கை நன்றாகத்தானே இருந்தது. போட்டேன். அவளை வேலையை விட்டு நீக்கினார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக் கதவை யாரோ உதைத்தார்கள். திறந்தால் அறிவுமதி. வலது கையில் துணி சுற்றியிருந்தது.

"பத்தாவது பெயில்தான நீ?"

"ஆமாம்" என்றேன். குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

"மார்க் ஷீட்டு, ஆதார் கார்டு எடுத்துக்கினு கெளம்பு. பதினோரு மணிக்கு எனக்கு கடைசி பரீட்ச. நான் சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஆளு வேணும். என்ன விட கம்மியா படிச்ச ஆளா இருக்கணும்னு ரூல்சு. எங்க வீட்ல அப்டி யாருமே இல்ல."

பரீட்சையும் ஆன்லைனில்தான். அவள் வீட்டில், கண்ணாடி மாற்றிய போனின் கேமராவுக்கு முன்னால் என் பெயில் மார்க் ஷீட்டைக் காட்டினேன். அந்தப் பக்கம் பரீட்சையைக் கண்காணித்தவர் தலையாட்டினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்று மணி நேரம் அவள் சொன்னாள், நான் எழுதினேன். பாதி எனக்கு விளங்கவில்லை.

கடைசிக் கேள்விக்குப் பதினைந்து மார்க். வேலை பார்க்கிறவர்களுக்கு என்பதால் ஒவ்வொரு தடவையும் இப்படி ஒன்று கேட்பார்களாம். உங்கள் பணியிடத்தில் நேர்ந்த ஒரு பழுதின் காரணத்தை ஆராய்க.

அவள் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "தரையில் பிவிசியும் அசிட்டாலும் கலந்து கிடந்தன. ஓர் ஆபரேட்டர் அவற்றைக் கூட்டி, முறத்தில் அள்ளி, அசிட்டால் ஓடிய மெஷினின் ஹாப்பரில் இரண்டு முறை கொட்டினார்."

என் பேனா நின்றுவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று மூன்று மாதமாக என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். எத்தனை முறம் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"எழுது" என்றாள்.

வெப்பம், வாயு, அழுத்தம், பேரல் வெடித்தது, இரண்டு விரல்கள் என்று முழுவதையும் எழுதினேன். ஓர் ஆபரேட்டர் என்றுதானே சொன்னாள், பெயரைச் சொல்லவில்லையே என்று மனசுக்குள் ஒரு நிம்மதி வேறு. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

பரீட்சை முடிந்தது. கேமராவை அணைத்தாள். ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினாள்.

"அந்தக் கடைசிப் பதில அப்டியே இதுலயும் எழுது. மேல, பேக்டரி இன்ஸ்பெக்டர் அவர்களுக்குன்னு போடு."

"அறிவு, என் வேல போய்டும்மா."

"எனக்குப் போச்சி."

அந்த ஒட்டிப்போன கையைத் தாளின் மேல், அது பறக்காமல் இருக்க, வைத்துக்கொண்டாள். நான் எழுதினேன். கீழே கையெழுத்தும் போட்டேன். அவள் எடுத்து முதலிலிருந்து படித்தாள், திருப்பி என் முன்னால் வைத்தாள்.

"ஓர் ஆபரேட்டர்னு இருக்குது பாரு, அத அடிச்சிட்டு பேரு எழுது."

அடித்துவிட்டு, தனகோட்டி என்று எழுதினேன்.