நாற்பத்தைந்து பல்

உத்தமபாளையத்தில் என் லேத் பட்டறையைத் தெரியாத விவசாயி கிடையாது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் தேவாரம் முதல் சுருளிப்பட்டி வரை, நின்றுபோன டீசல் எஞ்சின்கள் என் கை பட்டுத்தான் மறுபடி தண்ணீர் இறைத்தன.

ஊருக்குள் செல்போன் புதிதாக வந்திருந்த காலம். இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்த என் மகள், செய்முறைத் தேர்வுக்கு மாதிரி செய்ய ஒரு படம் கொண்டுவந்தாள். பழைய காலத்து விமான எஞ்சின். அதில் நடுவில் இருக்கும் கிராங்க் தண்டு அசையாது. ஒன்பது சிலிண்டர்களும் ராட்டினம் போல அதைச் சுற்றும். வால்வுக் கம்பிகளைத் தூக்கும் கேம் வளையத்தின் வெளியே ஐந்து மேடு, உள்ளே ஐம்பது பல். சிலிண்டர்களோடு சுற்றி அதை ஓட்டும் சக்கரத்துக்கு நாற்பத்தைந்து பல் என்று எழுதியிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கிராங்க் இரண்டு சுற்று, கேம் ஒரு சுற்று. முப்பது வருடம் அதில்தான் சோறு தின்றேன். அவளிடம் சொல்லாமல் அந்தச் சக்கரத்தில் ஐம்பதில் பாதியாக இருபத்தைந்து பல் வெட்டினேன்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கையில் மாட்டிச் சுற்றினோம். அடையாளத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்த வால்வுக் கம்பி இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை எழ வேண்டும். ஐந்து தடவை எழுந்தது. பல்லை எண்ணியவள் முகம் செத்துப்போயிற்று.

"என்ன அத்தா, பெத்த மகளுக்கே இப்படிப் பண்ணிட்டீக? இது ஓடலேன்னா பாஸ் போட மாட்டாக."

"எந்த எஞ்சின்லயும் கேம் பாதி வேகந்தான், புள்ள."

"அங்கன, டீசல் எஞ்சின்ல, சிலிண்டர் சும்மா நிக்கிது. இங்கன அதுவும்ல சுத்துது! நடுவுல நில்லுங்க. நீங்க கேம், நான் சிலிண்டர். எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே திரும்புங்க."

அவள் என்னைச் சுற்றி நடந்தாள். நானும் திரும்பினேன்.

"மூஞ்சிக்கு மூஞ்சியே இருந்தா அடுத்த மேடு எப்படி வரும்? கொஞ்சூண்டு பின்தங்கணும். நான் பத்துச் சுத்து வந்தா நீங்க ஒம்பது. அப்பத்தான் ரெண்டு சுத்துக்கு ஒரு மேடு எம் பக்கம் வரும்."

பம்புசெட்டோடு காத்திருந்தவர், "ராவுத்தரே, நீங்க சுத்துறது இருக்கட்டும், நம்ம எஞ்சினு எப்ப சுத்தும்?" என்றார்.

எனக்குப் பிடிபட்டுவிட்டது. பத்துக்கு ஒன்பது என்றால் ஐம்பதுக்கு நாற்பத்தைந்து. மறுநாளே நாற்பத்தைந்து பல் வெட்டி, சக்கரம் பெரிதானதால் வளையத்தின் அச்சையும் நகர்த்தினேன். அந்த வேலையை இந்தப் பள்ளத்தாக்கில் வேறு எவன் ஒரே நாளில் செய்வான்?

தேர்வன்று ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அவள் கைப்பிடியைச் சுற்றினாள். ஒரு சுற்று. இரண்டு. சிவப்புக் கம்பி ஒரே தடவை எழுந்து அடங்கியது. மறுபடி இரண்டு சுற்று. மறுபடி ஒரே தடவை.

வெளியே வந்தவள், "பல்லுக் கணக்கு யாரு போட்டதுன்னு எக்ஸாமினரு கேட்டாக. எங்க அத்தாதான்னு சொல்லிட்டேன்" என்றாள்.

நான் மறுக்கவில்லை. இரண்டு நாளாகத் தொடாத டீயை அன்றைக்கு இரண்டு கிளாஸ் குடித்தேன்.