பிஸ்கட் டப்பாவில் ஒரு பாவச் சீட்டு

அந்த வகுப்பை எதற்காக நடத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. வில்லியனூருக்குப் பக்கத்தில் எங்கள் பங்குக் கோயில் பள்ளிக்கூடம், மே மாத விடுமுறை. பிள்ளைகள் வெயிலில் மாங்காய்த் தோப்புகளில் ஏறி விழுந்து கையை உடைத்துக்கொள்கிறார்கள், பகலில் இரண்டு மணி நேரம் பிடித்து வை என்று பங்குச் சாமியார் சொன்னார். நான் புகுமுக வகுப்பு முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, நேர்முகத் தேர்வுக் கடிதம் எப்போது வரும் என்று வழி பார்த்துக்கொண்டிருந்தேன். பாடம் நடத்தினால் யாரும் வரமாட்டார்கள். அதனால் விடுகதை, புதிர், ஆடுபுலி ஆட்டம், ரகசிய எழுத்து என்று ஆரம்பித்தேன்.

ஊரில் யாருக்கும் அது புரியவில்லை. "இன்னா கிளாஸும்மா அது? புளியங்கொட்டைய வச்சிக்கினு உக்காந்துகிறாங்க" என்று ஒரு அம்மா கதவருகே நின்று கேட்டார். பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. புலியையும் ஆட்டையும் புல்லுக்கட்டையும் ஒரே படகில் எப்படி அக்கரை சேர்ப்பது என்று கேட்டேன். உறுவையாறு கிராமத்திலிருந்து வந்த பையன் எழுந்து, "ஆத்துல தண்ணியே இல்லியேக்கா. எறங்கி நடந்து பூடலாமே" என்றான். எனக்கு வந்த கோபத்தில் சாக்பீஸை உடைத்தேன். யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி.

ரகசிய எழுத்துதான் பிடித்துக்கொண்டது. மெய்யெழுத்துக்கு ஒரு எண், உயிரெழுத்துக்கு ஒரு எண். 'கா' என்றால் 1-2. 'மீ' என்றால் 10-4. தனி மெய்க்குப் பின்னால் பூஜ்யம், தனி உயிருக்கு முன்னால் பூஜ்யம். இரண்டே நாளில் இருபது பிள்ளைகளும் எண்களிலேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். புதன்கிழமைதோறும் ஆளுக்கு ஒரு வரியை எழுதி, பெயர் போடாமல், பிஸ்கட் டப்பாவில் போடவேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கரும்பலகையில் எழுதுவேன். எல்லோரும் சேர்ந்து கத்திக்கொண்டே அவிழ்ப்பார்கள்.

ஒருநாள் அவர்கள் போட்ட கூச்சலில் வாய் தவறி, "எனக்கு மட்டும் அந்தக் கடிதம் வரட்டும், அன்னிக்கே இந்தக் கிளாஸைப் பூட்டிட்டுப் போறேன் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார். முனையிலிருந்த பெட்டிக்கடையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு சைக்கிளைத் திருப்பிவிடுவார். கடைக்காரரின் மகள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒன்பது வயது, என் வகுப்பில் முன் வரிசை. அந்த ஆண்டு கோயிலில் முதன்முதலாக நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கவிருந்த பிள்ளைகளில் ஒருத்தி. தினமும் அவளைப் பார்த்ததும் கேட்பேன், "எனக்கு ஏதாவது வந்துதாடி?" "ஒண்ணியும் இல்லக்கா" என்பாள்.

மூன்றாவது புதன்கிழமை டப்பாவில் கையை விட்டேன். வந்த சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டு மூன்று வரிகள் இருந்தன. நீளமாக இருக்கிறதே, சுவாரசியமாக இருக்கும் என்று முதல் வரியைப் பலகையில் எழுதினேன். பிள்ளைகள் அவிழ்த்தார்கள்: "அம்மாவிடம் பொய் சொன்னேன்." ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன். இரண்டாவது வரி: "தம்பியை அடித்தேன்."

பின் வரிசையில் ஒருவன் எழுந்தான். "அக்கா, இது பாவசங்கீர்த்தனச் சீட்டுக்கா!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம்தான் விளங்கியது. வருகிற சனிக்கிழமை புதுநன்மைப் பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறவேண்டும். சாமியார் முன்னால் முழங்காலிட்டதும் பயத்தில் மறந்துபோகும் என்று, பாவங்களை எழுதி வைத்துக்கொள்ளும்படி ஞானோபதேச வகுப்பு நடத்திய கன்னியாஸ்திரி மதர் சொல்லியிருந்தார். வீட்டில் அக்கா, அண்ணன் யாரும் படித்துவிடக்கூடாதே என்று புதுநன்மைப் பிள்ளைகள் அத்தனை பேரும் நான் சொல்லிக்கொடுத்த எண்களில் எழுதியிருக்கிறார்கள்! யாரோ டப்பாவில் போடவேண்டிய வரிக்குப் பதிலாக அதைப் போட்டுவிட்டார்கள்.

அவசரமாகப் பலகையை அழித்தேன். கோயிலுக்கு வராத வீட்டுப் பையன் ஒருவன், "அப்புறம் இன்னாக்கா? மீதிய எய்துங்க" என்று கத்தினான். "வாயை மூடுடா" என்று நானும் கத்தினேன். கத்தும்போதே என் கண் மூன்றாவது வரிக்குப் போய்விட்டது. படிக்கவேண்டும் என்று படிக்கவில்லை. அந்த எழுத்தை உண்டாக்கியவளே நான், எண்ணைப் பார்த்தாலே எழுத்தாகத் தெரிந்தது.

"அக்காவுக்கு வந்த கடிதத்தை ஒளித்துவைத்தேன்."

ஏழு என்ற எண்களுக்கெல்லாம் நடுவில் குறுக்குக்கோடு இருந்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் படித்த கடைக்காரர் அப்படித்தான் ஏழு போடுவார். அவரைப் பார்த்து அவர் மகளும் போடுவாள். வகுப்பில் வேறு யாரும் போடுவதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் முன் வரிசையில் தலையைக் குனிந்து பாவாடை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"யாரோடதோ எடுத்துக்குங்க" என்று சீட்டை டப்பாவிலேயே போட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது டப்பாவில் அந்தச் சீட்டு இல்லை. நான் எதுவரை படித்தேன் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா? எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தால் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கமாட்டாளா?

அவள் வீட்டுக்குப் போய்க் காதைத் திருகிக் கேட்டிருக்கலாம். என் சுபாவத்துக்கு அதுதான் வழக்கம். ஆனால் அது பாவசங்கீர்த்தனத்துக்கு எழுதிய சீட்டு. தற்செயலாகக் காதில் விழுந்தால்கூட வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்கும் இதே கோயிலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காதில் விழுந்ததற்குச் சரி, கண்ணில் பட்டதற்கு? குழம்பிப்போய் அன்று சாயங்காலம் சாமியாரிடம் போனேன்.

"சாமி, ஒருத்தரோட பாவத்தைத் தெரியாம படிச்சிட்டா..."

அவர் உடனே கையை உயர்த்தினார். "என்ன பாவம்னு என்கிட்ட சொல்லாதே."

"இல்ல சாமி, அது எனக்குச் சம்பந்தப்பட்ட..."

"யாருக்குச் சம்பந்தப்பட்டதா இருந்தாலும் சரி. படிக்காத மாதிரி இரு. அவங்ககிட்டயே போயும் கேக்காதே. சனிக்கிழமை அவங்களே வந்து சொல்லுவாங்க இல்ல?"

வீட்டுக்கு நடந்தேன். அவர் சொன்னது சட்டமா, அவசரத்துக்குச் சொன்ன புத்தியா என்றும் தெரியவில்லை. வியாழக்கிழமை வகுப்பில் அவள் எனக்கெதிரே உட்கார்ந்து ஆடுபுலி ஆடினாள். ஆடுகளை நகர்த்தி என் புலிகள் மூன்றையும் கட்டிப்போட்டாள். நான் வழக்கம்போல், "ஏதாவது வந்துதாடி?" என்று கேட்கவில்லை. கேட்டால் அவளை மறுபடி பொய் சொல்லவைத்த பாவம் எனக்கு வரும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையும் கேட்கவில்லை. எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலிலிருந்து ஓடி வந்தாள். தலையில் முக்காடு, கையில் பழுப்பு உறை. பிரிக்கவில்லை. அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாளாம், உறையெல்லாம் தவிட்டு வாசனை.

"கடுதாசி வந்தா கிளாஸப் பூட்டிடுவேன்னு சொன்னீங்களே, அதான்க்கா. சாமியாரு மூணு அருள்நிறைந்த மந்திரம் சொல்லிட்டு, இத்த உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

பிரித்தேன். புதுச்சேரிக்கு நேரில் வரவேண்டும், காலை பத்து மணி. தேதி, நேற்று. வெள்ளிக்கிழமை.

புதன்கிழமை நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் பஸ்ஸில் போயிருப்பேன். மூன்று மந்திரத்தோடு அவள் கணக்கு தீர்ந்தது. என் ஒரு வருஷம் போயிற்று. கையை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் என் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன்.

"சாமியாரு மன்னிச்சிட்டாரு. நீங்க மன்னிச்சிட்டீங்களாக்கா?"

"போடி வூட்டுக்கு" என்றேன்.

கடிதம் வந்தும் வகுப்பைப் பூட்டவில்லை. போவதற்குத்தான் இடமில்லையே. திங்கட்கிழமை பிள்ளைகள் போனபிறகு அவள் மட்டும் நின்றாள். "மன்னிச்சிட்டீங்களாக்கா?" நான் புளியங்கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை கேட்டாள். புதன்கிழமை கேட்டாள். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடலாம் என்றுதான் இருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த வெள்ளிக்கிழமை ஞாபகத்துக்கு வரும். யார் மேல் கோபம், அவள் மேலா, சாமியார் மேலா, வாயை மூடிக்கொண்டிருந்த என் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியாது. பலகையை அழிக்கத் திரும்பிவிடுவேன்.

விடுமுறையின் கடைசி நாள் வந்தது. எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு மிட்டாய் கொடுத்து அனுப்பினேன். அவள் மிட்டாயை வாங்கிக்கொண்டாள். அன்றைக்குச் சொல்லிவிடுவதென்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அவள் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் கேட்காமலே மற்றப் பிள்ளைகளோடு போய்விட்டாள்.