நகர்வது தெரிந்தால் போதும்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பது என் வேலை. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் பேச்சை விட்டுவிட்டுக் குனிந்து நோட்டைப் புரட்டத் தொடங்கிவிடுவேன்.

டோக்கன் நோட்டைத் தூக்கி வைத்துவிட்டு, டாக்டரின் மருமகள் ஒரு வெப் பக்கம் செய்து தந்தாள். வைட்டிலாவில் பஸ் மாறி கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவள். என் மேசையில் லேப்டாப், சுவரில் டிவி. நான் லேப்டாப்பில் மாற்றினால் டிவியிலும் பட்டியல் மாறும்.

மாறியதுதான் தொல்லையாகிவிட்டது. கடும் காய்ச்சலோடு குழந்தை வந்தால் முதலில் அனுப்பச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த டோக்கனை மேலே ஏற்றுவேன். கண் மூடித் திறப்பதற்குள் டிவியில் வேறு பட்டியல் நிற்கும். மூன்றாவதாக இருந்தவர் நான்காவதாக இருப்பார். எப்படி என்று அவருக்குத் தெரியாது.

சுள்ளிக்கல்லிலிருந்து சர்க்கரை நோய்க்கு வரும் முதியவரை எல்லோரும் இக்கா, அதாவது அண்ணன், என்போம். அவருக்கு நான் மோள், மகள். ஒரு நாள் அவர் எழுந்துவிட்டார்.

"மோளே, மூணாவது நானல்லே? யாரை முன்னாடி கடத்தி விட்டே?"

அன்று மேலே போன குழந்தையின் பெற்றோர் என்னைப் போலவே தமிழர்கள். அவர் அவர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓ, உங்க ஊர்க்காரங்களுக்குத் தனி லிஸ்டா?"

குனிந்து லேப்டாப்பைத் துடைத்தேன். நான் ஆள் பார்த்து ஏற்றுகிறவள் என்று அறை முழுவதும் நம்பியிருக்கும். அதே பேச்சு மறுபடியும் வந்தது. வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல டாக்டரின் அறைக்குள் போனேன். "சாயா வேணுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

தன் லீவு நாளில் மருமகள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றும் நடந்த இக்காவின் சண்டைக் கச்சேரியை அவளும் கேட்டாள்.

"கம்ப்யூட்டர் சரியாத்தானே காட்டுது சேச்சி?"

"சரியாத்தான் காட்டுது. நகர்றதைக் காட்டலையே மோளே. பெஞ்சுல ஒருத்தர் எழுந்து முன்னாடி போனா எல்லாரும் பாக்கறாங்க. இதுல யார் எங்க போனாங்கன்னு யாருக்குத் தெரியும்?" அவளிடம் மட்டும் எனக்கு இவ்வளவு பேச வரும்.

அவள் தலையில் தட்டிக்கொண்டாள். அங்கேயே மாற்றத் தொடங்கினாள். முதல் தடவை சோதனைக்கு ஒரு டோக்கனை ஏற்றியதும் எல்லா வரிகளும் மங்கி மறைந்து, மறுபடி வந்தன.

"ஒவ்வொரு வரியும் அதே பழைய ஆள்தான்னு அதுக்கு அடையாளம் கொடுக்கலை. எல்லாரையும் வெளியே அனுப்பிட்டுத் திரும்பக் கூப்பிடுது," என்றாள்.

"இக்காவை வெளியே அனுப்பினா டிவியை உடைச்சுடுவார்."

அடுத்த தடவை வரிகள் படகுபோல் அசைந்து அசைந்து நகர்ந்தன. பெஞ்சில் இருந்த ஒரு அம்மா, "நிறுத்துங்க, தல சுத்துது," என்றாள். ஏற்கெனவே தலைசுற்றலுக்கு வந்தவள். மருமகள் சிரித்தபடி வேகத்தைக் கூட்டினாள். ரொம்பவும் கூட்டாதே, வயசானவர்களின் கண்ணுக்கு எட்ட வேண்டும் என்றேன். கடைசியில், ஏற்றும் வரி மட்டும் மஞ்சளாகி மேலே ஏறியது. மற்றவை ஒரு படி இறங்கி இடம் கொடுத்தன.

திங்கட்கிழமை இக்கா இரண்டாவதாக இருந்தார். ஒரு பெண் வாடிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். இந்த முறையும் தமிழ்க்காரி. டாக்டரிடம் சொல்லி வந்து, பயந்துகொண்டே அழுத்தினேன்.

பத்தாவது வரி மஞ்சளானது. பக்கத்தில் 'அவசரம்' என்று எழுத்து. அது ஒவ்வொருவராகத் தாண்டி மேலே ஏறியது. இக்காவின் வரி ஒரு படி இறங்கியது. அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார்.

"போகட்டும். பிள்ளை வாடிக் கிடக்கில்லே," என்று காலை மடக்கி வழி விட்டார். அந்தப் பெண் உள்ளே போன பின், "மோளே, எனக்கும் ஒரு தடவை அப்படி ஏத்திக் காட்டு. பாக்க நல்லா இருக்கு," என்றார்.

"இங்கேயே மயங்கி விழுங்க இக்கா, உடனே ஏத்தறேன்."

சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். பெஞ்சே குலுங்கச் சிரித்தது, இக்காதான் அதிகம். டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு இங்கே சத்தம் போட்டது?"

எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள்.