எண்ணெய் வைக்காத தலை

"நசீரா மிஸ் மௌத்தாகிட்டாங்களாம், இப்பதான் அவங்க தம்பி போன் பண்ணாரு" என்று எங்கள் ஆஸ்பத்திரிக் காதுப் பரிசோதனைப் பிரிவின் பணியாள் போனில் சொன்னபோது, நான் ஹாலிஎலையில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்தேன். பதுளைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். இத்தனை காலம் பக்கத்து அறையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த எனக்கு முகம் பார்க்கக்கூடக் கிடைக்கவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய அறையும் தெரியும். பிள்ளையை விழித்திருக்க வைத்து, தலையில் வயர்களை ஒட்டி, ஸ்பீக்கரில் சத்தம் விடுவார். சத்தம் மூளைக்குப் போய்ச் சேர்ந்தால் திரையில் அலை எழும். கேட்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியாத வயதுக்கு அந்த அலைதான் வாய்.

அந்த வயர்களுக்கு எண்ணெய் ஆகாது. எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தாய்மாரோ ஆஸ்பத்திரி என்றாலே பிள்ளைக்கு வழிய வழிய எண்ணெய் வைத்து, படிய வாரிக் கொண்டுவருவார்கள். "பரட்டத் தலையோட டவுனுக்குக் கூட்டிட்டு வந்தா ஆளுங்க என்னா சொல்லுவாங்க மிஸ்?" என்று கேட்டாள், கொஸ்லந்தைப் பக்கமிருந்து வந்த செல்வி. நசீரா மிஸ் திட்டவில்லை. "எனக்கு ஒங்க எண்ணெ மேல கோவமில்ல, இந்த மெஷினுக்குத்தான் ஆகாது" என்று அவள் மகள் தர்ஷினியைத் தூக்கிக்கொண்டு போய், தொட்டியில் ஷாம்பு போட்டுக் கழுவினார். எனக்கு எரிச்சலாக வரும். அவருக்கு வராது.

அவர்கள் குடியிருக்கும் லயத்தில் தர்ஷினிக்கு 'ஊமப்புள்ள' என்று பெயர் வைத்தாயிற்று. செல்வி அதைச் சொல்லி அழுதபோதுதான் மிஸ்ஸின் முகம் சிவந்தது. "அவ மூளைகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?" என்றார். காதுக் கருவியை மாட்டிப் பார்த்தார். அலை எழவில்லை. கருவியின் சத்தத்தைக் கூட்டி வைத்து, "அடுத்த கிளினிக்ல திரும்பப் பாப்போம். அப்பவும் இல்லன்னா காதுக்குள்ள கருவி வைக்கிற ஆபரேஷனுக்கு அனுப்பணும். பேச்சு வர்ற வயசு நமக்காக நிக்காது" என்றார்.

அந்த அடுத்த கிளினிக் போன வாரம் வந்தது. மெஷினை ஓட்டத் தெரிந்தவர் இங்கே அவர் ஒருவர்தான். இப்போது அது துணியால் மூடிக் கிடக்கிறது. 'ஆள் வரும்' என்கிறார்கள். நான் நம்பவில்லை.

விஷயம் தெரியாமல் செல்வி வந்தாள். "மிஸ், இந்த வாட்டி எண்ணெ வைக்கல. நேத்தே தலைக்கு ஊத்திட்டேன்" என்றாள் பெருமையாக. தர்ஷினியின் முடி காய்ந்து பறந்துகொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் செல்வி முதலில் நசீரா மிஸ்ஸுக்காகத்தான் அழுதாள். பரிசோதனைக்குக் கொழும்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். போவார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

தொட்டியருகே அவர் வைத்துப் போன அரைப் போத்தல் ஷாம்புவை நான் எடுத்து வைத்திருக்கிறேன். செல்வி வந்த அன்றைக்கு அதற்கும் வேலை இருக்கவில்லை.