ஜெயிச்சவளைக் கீழே இறக்குங்க

ஓடி முடித்தவர்களின் காலைப் பிடித்துவிடுவது என் வேலை. இதைச் சொன்னதும் பாதிப்பேர் சிரிக்கிறார்கள், மீதிப்பேர் முதுகைத் திருப்பிக் காட்டுகிறார்கள். பிசியோதெரபி கடைசி வருஷம் படித்துக்கொண்டு, பயிற்சி என்ற பெயரில் ஊர் ஊராகத் துரத்தப்படும் என் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கேளுங்கள்.

காலியாகக் கிடந்த முதுகு

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நடந்த மலையோட்டத்துக்கு முதன்முதலாகப் போனேன். வேலையாட்களுக்குப் பேர் கூப்பிடும் மஸ்டர் கொட்டகையில் இரண்டு பெஞ்சு போட்டுக் கொடுத்தார்கள். ஓடி வந்தவரைக் கொஞ்சம் நடக்கவிட்டு, படுக்கவைத்து, காலை உயர்த்தி, கணுக்காலிலிருந்து தொடைவரை மெதுவாக உருவிவிட வேண்டும். காலில் தேங்கின ரத்தம் நெஞ்சுக்குத் திரும்ப அது ஒரு சின்ன உதவி. முன்னும் பின்னும் நாடி பார்ப்பேன். அன்றைக்கு ஜெயித்த ஜெயராணிக்கு நாடி தறிகெட்டு ஓடியது. நான் உருவ உருவச் சட்டென்று இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமை ஆறுவதற்குள் எஸ்டேட் பீல்டு ஆபீசர் வந்து அடுத்த பெஞ்சில் குப்புறப் படுத்தார். இது ஓடினவங்களுக்குங்க, இதயம் அமைதியாவதற்குங்க என்று கால் மணி நேரம் வாதாடினேன். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கால் ஓடுனவுகளுக்கு, முதுகு உக்காந்தே கெடந்தவுகளுக்கு. பெஞ்சு சும்மாத்தானே இருக்கு, அமுக்கும்மா."

இரண்டு சாமிக்கும் பொதுவாக

அடுத்த ஓட்டம் ஜெயராணியின் சொந்த எஸ்டேட்டில். அதிலும் அவள்தான் முதல். பேக்டரி வாசலில் கோட்டைத் தாண்டினாள். நான் துண்டோடு எழுந்தேன், ஆளைக் காணோம். நான்கு பேர் அவளைத் தோளில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அங்கே அதுதான் வழக்கமாம். முதலில் சிலுவை நட்ட குருசடி, பிறகு மாரியம்மன் கோயில், கடைசியில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தைச் சுற்றி ஒரு வட்டம். ஒரு சாமியை விட்டால் பாதி லயம் கோபித்துக்கொள்ளும் என்பதால் எதையும் குறைக்க முடியாது.

உயிரைக் கொடுத்து மலையேறி ஓடியவளை நிறுத்தின கையோடு கால் தொங்கத் தூக்கி வைத்தால், ரத்தமெல்லாம் காலில் போய் நிற்காதா? மாலைக்கு நடுவே அவள் உதடு வெளுத்திருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனது. கூட்டத்தில் புகுந்து, இறக்குங்க, நடக்க விடுங்க என்று கத்தினேன். முன்னால் தூக்கிப்போனவருக்குப் படித்த பெண் என்றாலே டீச்சர்தான்; நிதானமாகப் பதில் சொன்னார்.

"நடந்து வந்தா தோத்த பிள்ளைன்னுல்ல நெனப்பாக, டீச்சர்."

என் கைராசி

மாரியம்மன் கோயில் வாசலில் அவளே சரிந்ததால்தான் என்னிடம் கொண்டுவந்தார்கள். காலைக் கொழுந்துச் சாக்கின் மேல் தூக்கிவைத்து உருவினேன். நாடி நூற்றைம்பதுக்கும் மேல். பத்து நிமிஷம் கழித்தும் அதே வேகம். நடுநடுவே ஒரு துடிப்பைக் காணவில்லை. இப்படி முன்னே வந்திருக்கிறதா என்று கேட்டேன். கொழுந்து எடுக்கும்போது இரண்டு தடவை மயங்கி விழுந்தாளாம். கோச் சாரிடம் சொல்லவில்லையாம். அடுத்த வாரம் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம். அதில் வந்தால்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டு. சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"போன தடவ ஒங்க கை பட்டதும் படபடப்பு நின்னுச்சேக்கா. இன்னுங் கொஞ்சம் உருவுங்க, நின்னுரும்."

ஜீப்

ஓடின நாடி படிப்படியாகத்தான் இறங்கும், கை பட்டதும் சட்டென்று நிற்காது. அன்று பெருமைப்பட்டேனே, அது மருந்தே இல்லை; நோயை மூடிவைத்த போர்வை. எடுத்துவிட்டேன் கையை.

கோச் சார் ஓடிவந்து, அழுத்தி உருவினால் சரியாகிவிடும், ஓடத் தகுதி என்று எழுதிக் கொடு என்றார். நான் ஆஸ்பத்திரி என்றேன். படிக்கிற பிள்ளை நீ என்றார். படிக்கிறதனால்தானுங்க சொல்றேன் என்றேன். அவர் கத்த, நான் அதற்கு மேல் கத்த, லயமே கூடிவிட்டது. கொழுந்தை எடை போட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா மேரியக்கா, இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்க்காமலே வந்து ஜீப்பில் ஏறினார். அதோடு வாதம் முடிந்தது. வழி முழுக்க ஜெயராணி முகத்தை என் பக்கமிருந்து திருப்பிக்கொண்டே வந்தாள்.

ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் துடிப்பு போகிற பாதையில் பிறவியிலேயே ஒரு குறுக்குவழி. சரிசெய்துவிடலாம், அதுவரை ஓடவே கூடாது, இன்னொரு மலையோட்டம் உயிரையே எடுத்திருக்கலாம் என்றார் டாக்டர். காலேஜ் சீட்டு இந்த வருஷம் போச்சு. மேரியக்கா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மகளின் மணிக்கட்டில், நான் வைத்திருந்த அதே இடத்தில், விரலை வைத்துப் பார்த்தார்.

"மூணு வருசமா இவள எல்லாருந் தோள்ல தூக்குனோம். ஒருத்தருங் கையப் புடிச்சுப் பாக்கலையே."

ஆக, இந்தத் தொழிலில் நான் இதுவரை செய்த உருப்படியான மசாஜ் பாதியில் நிறுத்தியதுதான். அதை மட்டும் யாரும் முதுகைத் திருப்பிக் காட்டிக் கேட்பதில்லை.