நிழல் போச்சு

லேயர் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஸ்டுடியோ முதலாளி. திட்டுவதற்காகத்தான் வைத்தார். "ஒரு படத்துக்கு அறுபத்து மூணு லேயரா? என் கம்ப்யூட்டர் மூச்சு முட்டிச் சாகுது, லேயர் அக்கா!" என்று ஒருநாள் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது கடைக்கு வருகிறவர்கள் முதலாளியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "லேயர் அக்கா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் நுழைகிறார்கள்.

லேயர் என்றால் பெரிய மாயமெல்லாம் இல்லை. கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள்கள், அவ்வளவுதான். ஒரு தாளில் அம்மா, இன்னொன்றில் மாடிப்படி, அதற்கும் மேலே ஒன்றில் கொஞ்சம் வெயில். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே படம். ஒவ்வொரு தாளின் பக்கத்திலும் ஒரு சின்னக் கண் இருக்கும். அதைத் தட்டினால் அந்தத் தாள் மட்டும் மறையும்; மறுபடி தட்டினால் வந்துவிடும். மற்ற கடைக்காரர்கள் எட்டுப் பத்துத் தாளில் வேலையை முடித்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு நடையைக் கட்டுவார்கள். அக்கா சேர்க்கவே மாட்டாள். அழிப்பான் என்றொரு கருவி அதில் இருப்பதாகவே அவள் காட்டிக்கொள்வதில்லை.

அதற்குக் காரணம் ஒரு காது. கம்ப்யூட்டர் வராத காலத்தில், இருபத்திரண்டு வயதில், வேறொரு கடையில் கத்தரிக்கோலும் பசையும் வைத்துப் படம் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒருவர் தன் தம்பியின் படத்தைக் கொண்டுவந்தார். தம்பி உயிரோடு இல்லை. இருந்தது அந்த ஒரே படம். முடியோரமாக வெட்டிக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினாள். காது போய்விட்டது. அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டான காதைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். "திட்டியிருந்தா ஒரு வாரத்துல மறந்திருப்பேன்" என்பாள் அக்கா.

அன்றிலிருந்து மூலப் படத்தில் அவள் கை பட்டதில்லை. என்ன மாற்றினாலும் மேலே தனித் தாளில்தான். வீட்டிலும் இதே கதைதான். பூட்டே இல்லாத சாவிகளை ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறாள் என்று அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் முறையிடுவார்.

போன மாதம் பல் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி முப்பத்தொரு பழைய படங்களோடு வந்தாள். அவளுடைய அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் விருந்து. எல்லாப் படங்களையும் கோத்து, சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரே பெரிய படமாக வேண்டும்.

"அப்பாதான் எல்லாத்தையும் எடுத்தார். அதனால கல்யாணப் படத்தைத் தவிர எதுலயும் அவர் இல்லக்கா. எனக்கு அதான் மனசுக்குக் கஷ்டம்" என்றாள். "பாவம், அவருக்குப் படம் எடுக்கவும் வராது. பாதிப் படத்துல அவர் நிழலே குறுக்க விழுந்திருக்கு பாருங்க. அதை மட்டும் எடுத்துடுங்க."

பத்தொன்பது படங்களில் நிழல் இருந்தது. அக்கா மூன்று நாள் உட்கார்ந்தாள். மணலில் விழுந்த நிழலுக்கு மணல், புல்லில் விழுந்ததற்குப் புல், சிமெண்டுத் தரைக்கு விரிசல் உட்படச் சிமெண்டு. தாள்களுக்கு "நிழல் போச்சு 1" என்று தொடங்கிப் பத்தொன்பது வரை பெயர் வைத்தாள். அச்சிட்டுச் சட்டம் போட்டபோது, நிழல் இருந்த இடத்தை அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. இதற்குமேல் ஒருத்தி என்னதான் செய்துவிட முடியும்!

சனிக்கிழமை மத்தியானம் படத்தை வாங்க வந்தவர் நர்ஸின் அப்பா. குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; காய்ப்பு ஏறிய கை. படத்தை மேஜைமேல் சாய்த்து வைத்து வெகுநேரம் பார்த்தார். ஏதோ தேடுகிறார் என்று அக்காவுக்குப் புரிந்தது.

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். பிறகு மெதுவாக, "நான் இருந்தேனே" என்றார்.

"கல்யாணப் படத்துல இருக்கீங்களே ஐயா, நடுவுல."

"அது இல்லம்மா. கேமராவப் பிடிக்க வேற ஆள் ஏது? அதனால வெயிலுக்கு முதுகக் காட்டி நின்னுக்குவேன். கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து, என் நிழல் அவங்க பக்கத்துல போய்ச் சேர்ந்ததும் அமுக்கிடுவேன். நானும் குடும்பத்தோட இருக்கணும்ல?" சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "பொண்ணுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்ல. விடும்மா, அழிச்சது அழிச்சதுதான்."

அக்காவுக்கு அந்தத் தம்பியின் படம் ஞாபகம் வந்தது. மறுபடியும் ஒரு காதா? ஆனால் இந்த முறை அவள் கையில் கத்தரிக்கோல் இல்லை.

"ஐயா, இங்க வந்து உட்காருங்க. நான் எதையும் அழிக்கிற ஆள் இல்ல."

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து "நிழல் போச்சு 1" தாளின் கண்ணைத் தட்டினாள். மணலில் ஒரு நிழல் எழுந்து வந்தது. இரண்டாவது. மூன்றாவது. புல்லில், படியில், பள்ளிக்கூட வாசலில். பத்தொன்பது தட்டு, பத்தொன்பது முறை அவர். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். பின்னால் வந்து நின்ற முதலாளி எதையோ சொல்ல வாயெடுத்தவர், பேசாமல் போய்ப் பிரிண்டரில் புதுத் தாளை மாட்டினார். இத்தனை வருடத்தில் அக்காவுக்கு அவர் காட்டிய மரியாதை அதுதான்; அதுவே போதும்.

மகளிடம் அக்காவே போனில் சொன்னாள். "நிழலோடயே போட்டுடுங்க அக்கா" என்றாள் அவள்.

புதுப் படத்துக்குச் சட்டம் மாட்டும்போது, போனவரைக் காணோமே என்று அவர் மனைவி தேடிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா படத்துக்குப் பக்கத்தில் குனிந்து, தன் காலடியில் கிடந்த நிழலின் தலைமேல் விரலை வைத்தார்.

"தள்ளி நில்லுங்க, நிழல் விழுதுன்னு ஒவ்வொரு தடவையும் கத்துவேனே" என்றார். விரல் அடுத்த படத்துக்கும் அதற்கடுத்த படத்துக்கும் போனது. "இத்தனை வருஷமா உங்க தலைய மிதிச்சிட்டா நின்னிருக்கேன்?"

"நீ எங்க நிப்பேன்னு பாத்துட்டுத்தானே அங்க வச்சேன்" என்றார் அவர்.