வாங்கி வை, அப்புறம் பார்

போர்ட் பிளேயரின் டெலானிபூர் மேட்டில் நந்தகுமார் நடத்தும் சின்ன மென்பொருள் அலுவலகத்தில் ராஜகுமாரிக்கு வாய்த்துடுக்குக்காரி என்று பெயர். அந்தப் பெயரை அவள் மறுத்ததும் இல்லை. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து தெற்கே கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த குடும்பம் அவளுடையது. இருபத்திரண்டு வயதுவரை அங்கே ரப்பர் பால் சேகரிக்கும் கொட்டகையில் தற்காலிக வேலை பார்த்தாள், பிறகு போர்ட் பிளேயருக்கு வந்து கம்ப்யூட்டர் படித்தாள். அடங்கிப் போகிறவளாக இருந்திருந்தால் இன்றைக்கும் வாளிதான் கழுவிக்கொண்டிருப்பாள்.

முதலாளியோடு அவளுக்குச் சண்டை மூண்டது கப்பலில் இருந்த ஒரு செல்போனால். தென் தீவுகளுக்குப் போய்வரும் கப்பலில், போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளுக்கென்று நான்கு ஸ்ட்ரெச்சர் இடம் உண்டு. தீவுகளில் இணையத்தை நம்ப முடியாது என்பதால், இடம் வேண்டியவர்கள் கப்பல் கிளார்க் அழகையாவின் போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். அதைப் படித்துப் பட்டியலில் பேர் ஏற்றிப் பதில் போடுவது ஓர் ஆப். மெயின்லேண்டில் யாரோ எழுதியதை நந்தகுமார் வாங்கி மாட்டியிருந்தார்.

மெயின்லேண்டில் மெசேஜ் ஒன்றொன்றாக வரும். நடுக்கடலிலோ சிக்னலே கிடையாது. நாள் முழுக்கச் சேர்ந்ததெல்லாம் தீவை நெருங்கியதும் மொத்தமாக வந்து கொட்டும். அந்த ஆப் ஒரு மெசேஜைப் படித்து, சரிபார்த்து, பதிலும் அனுப்பி முடித்தால்தான் அடுத்ததைத் தொடும். நாலைந்து மெசேஜுக்குள் திரை உறைந்துவிடும். காத்திருப்பதா, மூடுவதா என்று போன் கேட்கும். அழகையா ஒவ்வொரு தடவையும் மூடிவிடுவார். மூடிய பிறகு மிச்ச மெசேஜ் எதுவும் பட்டியலில் ஏறாது. பட்டியலில் இல்லாதவருக்குக் கப்பலில் இடமும் இல்லை.

ஏன் மூடினீர்கள் என்று ராஜகுமாரி கேட்டாள்.

"வெயிட்டா? இந்தத் தீவுல பொறந்ததுல இருந்து வெயிட்தானே பண்றோம்! அத போன் வேற சொல்லணுமா?" என்றார் அழகையா.

அப்படி விடுபட்டதில் ஒன்று கச்சால் ரெங்கம்மாவுடையது. அவள் கணவர் முத்துவீரன் ரப்பர் மரத்தடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். கப்பல் வந்தது, அவரை ஏற்றாமலே போனது. அடுத்த கப்பலுக்குப் பதினோரு நாள். ராஜகுமாரிக்குப் போன் போட்ட ரெங்கம்மா அழவில்லை. "மெசேஜ் போட்டேன் புள்ள. நாங்கெல்லாம் ஒங்களுக்கு ஆளாத் தெரியலயா?" என்று மட்டும் கேட்டாள்.

ராஜகுமாரி நேராக நந்தகுமாரிடம் போனாள். அவர் கொஞ்சம் நல்லவர்தான். அதனால்தான் பேச்சு இன்னும் கெட்டுப்போனது.

"உங்க ஊர்க்காரரா? டீக் ஹை, அடுத்த கப்பல்ல ஒரு இடம் சொல்லி வச்சிர்றேன்."

"நான் சிபாரிசுக்கு வரல சார். அன்னிக்கு வந்தது முப்பத்தோரு மெசேஜ். லிஸ்ட்ல ஏறினது மூணே பேரு. நாலாவது ஸ்ட்ரெச்சர் காலியாவே வந்திருக்கு, தெரியுமா?"

"அரே, பதில் வரலன்னா திரும்பப் போடச் சொல்லும்மா. மெயின்லேண்ட்ல டெஸ்ட் பண்ண ஆப்பு இது."

"அங்க கடலே இல்லாம டெஸ்ட் பண்ணிருப்பாங்க! எங்க பால் கொட்டகையில காலையில நாப்பது பேரு வாளியோட நிப்பாங்க சார். ஒவ்வொரு வாளியா சோதிச்சு முடிச்சுதான் அடுத்ததுன்னா, பின்னால நிக்கிறவங்க பால் கட்டியாயிரும். பேர எழுது, போத்தல்ல கொஞ்சம் எடு, பாலை ஊத்து, அடுத்த ஆள். சோதனை எல்லாம் அப்புறம் உள்ளுக்கு நடக்கும். மெசேஜையும் அப்பிடித்தான் வாங்கணும். வாசல்ல வாங்கி வரிசையில வச்சு, கெடச்சதுன்னு ஒரு வார்த்த சொல்லிரணும். மிச்சத்த பின்னால வேற கை பாத்துக்கும்."

"கப்பல்காரங்களோட போட்ட ஒப்பந்தத்துல இல்லாததத் தொடாத. தொட்டா உனக்கு வேலை இருக்காது," என்றார் நந்தகுமார்.

தொட்டாள். ஒன்பது நாள் உட்கார்ந்து எழுதினாள். அவள் எழுதிய ஆப்பில், வந்த மெசேஜ் முதலில் போனிலேயே பதிவாகிவிடும். ஆப்பை யார் மூடினாலும் வரிசை அழியாது, திறந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலை நடக்கும். பிறகு லீவு போட்டுவிட்டு, ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் தானே டிக்கெட் எடுத்துக் கப்பல் ஏறினாள். அழகையா போனை நீட்டி, "ஜல்தி போடு. யாராச்சும் கேட்டா நான் பாக்கவே இல்ல," என்றார்.

மறுநாள் கச்சால் கரை தெரிந்ததும் போன் அதிரத் தொடங்கியது. ஐம்பத்திரண்டு மெசேஜ். பாதி, கப்பல் எப்போது வரும் என்று கேட்டவை. மீதி, பதில் வராமல் பழகிப்போன சனம் திரும்பத் திரும்ப அனுப்பியவை. ரெங்கம்மா மட்டும் ஒன்பது தடவை அனுப்பியிருந்தாள். திரை உறையவில்லை. 'கிடைத்தது. வரிசையில் உள்ளது' என்று ஒவ்வொருவருக்கும் பதில் பறந்தது. பட்டியலில் மூன்று நோயாளிகள் ஏறினார்கள், முத்துவீரன் இரண்டாவது. ராஜகுமாரி அழகையாவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

பட்டியல் புது வடிவத்தில் அலுவலகத்துக்குப் போனதும் நந்தகுமாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவள் தன் போனை அணைத்து வைத்திருந்ததால், அவர் கப்பல் போனுக்கே மெசேஜ் அனுப்பினார்: 'ராஜகுமாரி, பழைய ஆப்பை இப்போதே போடு. இல்லையென்றால் ஆபீஸ் பக்கம் வராதே.'

ஐம்பத்து மூன்றாவதாக வந்த அதையும் ஆப் மரியாதையாக வாங்கி வைத்தது. முதலாளிக்கும் பதில் போனது: 'கிடைத்தது. வரிசையில் உள்ளது.'

அழகையாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "இப்ப என்னா பண்ணப் போற?"

"அவருக்கு முன்னால நிக்கிறவங்கள ஏத்தி முடிப்போம்," என்று சொல்லிவிட்டு, முத்துவீரனின் ஸ்ட்ரெச்சரைப் பிடிக்க ராஜகுமாரி கீழே இறங்கினாள்.